கடலில் போட்ட பாதிப் போர்வை

செத்துப்போன ஒருவரின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து பாருங்கள். மேலே சாமான் தட்டில் வைக்கலாம்தான். கொண்டக்டர் இரண்டு தரம் வந்து கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. ஏழு மாதமாகக் கப்பலில் என் கட்டிலுக்குக் கீழே கிடந்த பை அது. வீட்டுக்காரியின் கையில் கொடுக்கும்வரை வேறு ஆள் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

பை யோர்கோவினுடையது. எங்கள் கப்பலின் போசன், அதாவது மேல்தளத்து வேலையாட்களுக்குத் தலைவர். கிரேக்கர். இந்து சமுத்திரத்தின் நடுவில், ஒரு காலையில், கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தி இருந்தார். பிறகு எழும்பவில்லை. அடுத்த துறைமுகத்திலிருந்து உடம்பை விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். பையை மறந்துவிட்டார்கள். திருத்த வேலைக்காகக் கப்பல் கிரேக்கத்துக்கு வந்தபோது, பையைக் கப்பல் கம்பனிக் கந்தோரில் கொடுத்துவிடு என்றார் கப்டன். ஏழு மாதம் மறந்த கந்தோர் எட்டாம் மாதம் ஞாபகம் வைக்குமா? நான் நாலு நாள் லீவு கேட்டேன்.

சிவலிங்கம் அண்ணையும் கூட வந்தார். அரியாலைக்காரர். கப்பல் குசினியில் இரண்டாம் சமையல்காரர். என்னிலும் பத்து வயது மூப்பு. அவருக்குக் கிரேக்கம் என்னிலும் மோசம், ஆனால் என்னிலும் கூடக் கதைப்பார். நான் குருநகர். எங்கள் வீட்டில் எல்லோரும் வலைக்காரர். நாட்டில் சண்டை மூண்டு கடலுக்குப் போக விடாமல் தடுத்த பிறகு, கடலைத் தவிர வேறு தொழில் தெரியாத ஆட்கள் என்ன செய்வது? இன்னொருவனின் கப்பலில் ஏறினோம்.

மலைப்பாதை தொடங்கியதும் சிவலிங்கம் அண்ணை வாந்தி எடுத்தார். பதினொரு வருஷம் கப்பலில் இருந்தவர், ஒரு புயலுக்கும் வாந்தி எடுக்காதவர், பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையைப் போட்டுக்கொண்டு கிடந்தார். பின்னால் இருந்த கிழவர் ஒருவர் எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டி நீட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில், கொடிகாமத்துச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் மினிபஸ்ஸில் இப்படி ஒருவன் வாந்தி எடுத்திருந்தால், இறக்கிவிட்டுக் கத்தரிக்காய் மூட்டையை அந்த இடத்தில் வைத்திருப்பார்கள்.

பிழையான ஊரில் இறங்கினோம். அந்த நாட்டில் ஒரே பெயரில் மேலூர் ஒன்றும் கீழூர் ஒன்றும் இருக்குமாம். எங்களுக்கு யார் சொன்னது? கீழூரில் இறங்கி, போசன் யோர்கோவின் வீடு எது என்று கேட்டால், நாலு பேர் வேறு வேறு யோர்கோவைக் காட்டினார்கள். கப்பலில் செத்தவர் என்று சொன்ன பிறகுதான் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டு மலையின் மேலே கையைக் காட்டினாள். ஏறினோம். பாதித் தூரத்தில் ஆடுகள் ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றது. ஆடுகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டோம். ஓட்டியவன் எந்த நாடு என்று கேட்டான். சிலோன் என்றேன். தேயிலை, தேயிலை என்று சந்தோஷமாகக் கத்தினான்.

“ஓம், தேத்தண்ணிக்குள்ளைதான் எங்களைப் பெத்துப் போட்டவை எண்டு சொல்லு” என்றார் சிவலிங்கம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் தேயிலைச் செடியைப் பார்த்தவன் யார்?

இனி அந்த ஊரார் கதைத்ததை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

யோர்கோவின் மனைவி வசிலிக்கி வாசலில் நின்றார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். நான் பையை நீட்டினேன். அதை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று தலையை ஆட்டினார். நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவருடைய மகள் எலெனி, இருபத்திரண்டு வயதுப் பெண், வேண்டாம், வேண்டாம் என்றாள். நான் கழற்றத்தான் செய்தேன். காரணம் இருந்தது.

அந்த வீட்டில் நிலம் தெரியவில்லை. எல்லா இடமும் கைத்தறித் துணி. நிலத்தில் கோடுகோடாக விரிப்பு. ஆட்கள் இருக்கிற மர வாங்கின்மேல் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளித் துணி. சுவரில் ஒன்று தொங்கியது, அதில் கைகோத்து நிற்கும் சின்னச் சின்ன மனிதர்கள், இரண்டு பக்கமும் பறவைகள். றேடியோவுக்குச் சட்டை. தண்ணீர்க் குடத்துக்குச் சட்டை. அறையின் ஒரு மூலையில், பெட்டகம் ஒன்றின்மேல், மடித்த போர்வைகள் கூரை முகடுவரை அடுக்கியிருந்தன. அடுக்கு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. நான் கப்பலில் சரக்கு அடுக்கியவன். அது நல்ல அடுக்கு.

எலெனி எனக்கு விளக்கினாள். நிலத்து விரிப்புப் பழைய உடுப்புகளைக் கிழித்து நெய்ததாம். நூலுக்குப் பதிலாகத் துணி நாடா. இந்த மஞ்சள் அம்மாவின் பாவாடை. இந்தப் பச்சை நான் பள்ளிக்கூடம் போன சட்டை. இந்த நீலம் அப்பாவின் கப்பல் சட்டை.

என் கால் அந்த நீலத்தின்மேல் நின்றது. எடுத்துவிட்டேன். செத்தவருடைய சட்டையின்மேல் நான் எப்படி நடப்பது? எலெனிக்குச் சிரிப்பு வந்தது. அவள் நடந்து காட்டினாள். அப்பா வீட்டில் இருக்கும்போது அவரே அதன்மேல் நடந்தவர் என்றாள்.

இன்னொன்றும் யோசித்தேன். எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் நடக்கிற வழியில் சீலை விரிப்பார்கள். நிலபாவாடை. யாருக்கு விரிக்கலாம், யாருக்கு விரிக்கக்கூடாது என்று அதற்கு ஆயிரம் சட்டம். விரித்தால் அடிபாடு, விரிக்காவிட்டால் அடிபாடு. அதற்காகத் தலை உடைந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே ஆடு மேய்க்கிறவன் சேற்றுக் காலோடு வந்து நெய்த துணியில் நடந்து போய்க் கோப்பி குடிக்கிறான். எங்களுக்கு இவ்வளவு விசர் எங்கேயிருந்து வந்தது?

வசிலிக்கி பையை மேசையில் வைத்துத் திறந்தார். சவரக்கத்தி. உருட்டுகிற மணிக்கோவை. மகளின் படம். சட்டைகள் ஏழு. ஒவ்வொன்றாக எடுத்து விரித்துத் தடவி மறுபடி மடித்தார். பை வெறுமையானதும் உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“போர்வை எங்கை?”

 சிவலிங்கம் அண்ணை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசிலிக்கி எழுந்துபோய், அடுக்கின் உச்சியிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். ஒடுக்கமான நீளத் துணி. வேரை அவித்து எடுத்த சிவப்பு. எங்கள் பக்கமும் சாயவேர் என்று ஒன்று கிண்டினார்களாம், அது இப்படித்தான் சிவந்திருக்கும். சிவப்பில் கறுப்புப் பறவைகள். ஒரு கரை ஒழுங்காக இருந்தது. மறு கரையில் தையல் பிரித்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பறவைகளுக்குத் தலையும் கழுத்தும்தான் இருந்தன. உடம்பை நான் இரண்டு வருஷம் கப்பலில், யோர்கோவின் கட்டிலில், பார்த்திருந்தேன். அது ஏதோ வாலும் செட்டையும் என்று நினைத்தேனே தவிர, பாதி என்று நினைக்கவில்லை.

அந்த வீட்டுத் தறி ஒடுக்கம். இருந்த இடத்திலிருந்து கை எட்டும் அகலத்துக்குமேல் நெய்ய ஏலாது. அதனால் போர்வையை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைப்பார்கள். இது வசிலிக்கி தன் கலியாணத்துக்கு நெய்தது. கப்பல் கட்டில் ஒருவருக்கு மட்டும் என்று யோர்கோ சொன்னபோது, அவர் தையலைப் பிரித்துப் பாதியைக் கொடுத்து அனுப்பினார். கரைக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து தருவாராம். தைத்துப் படுப்பார்களாம். போகும்போது மறுபடி பிரிப்பார்களாம்.

எலெனிக்கு வருகிற வருஷம் கலியாணம். அந்த ஊரில் ஒரு வழக்கம், தாய் படுத்த போர்வைதான் மூத்த மகளின் கட்டிலுக்குப் போகும். மாப்பிள்ளையின் தாய் ஒரு நாள் வந்து, மகளுடைய துணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். பாதித் துணி கணக்கில் சேராது. தாயின் போர்வை கணக்கில் இல்லாவிட்டால், அந்த வீட்டில் ஏதோ குறை என்று பேச்சு எழும்பும். எண்ணும் நாள் ஞாயிறு. நாங்கள் போய் இறங்கியது வியாழன்.

“எலெனி தினமும் கேக்கிறவள், கப்பல் வந்திட்டுதோ எண்டு” என்றார் வசிலிக்கி.

சிவலிங்கம் அண்ணை என்னைப் பார்க்காமலே, எங்கள் பாஷையில், மெல்லச் சொன்னார்: “டேய் சவிரி, உண்மையைச் சொல்லிப்போடாதை. உவவின்ரை கைக்குக் கிட்டக் கத்தி கிடக்கு.” உண்மைதான். பாண் வெட்டிய கத்தி மேசையில் கிடந்தது.

உண்மை இதுதான். எங்கள் கரையில் ஒருவர் செத்தால், அவர் படுத்த பாயையும் தலையணையையும் அன்றைக்கே சுருட்டிக் கடலுக்குக் கொண்டுபோவோம். அதில் இனி ஆரும் படுக்கக்கூடாது. அரியாலையில் அதையே சுடலைக்குப் போகும் வழியில் போடுவார்கள். யோர்கோ செத்த அன்று, கப்பலில் அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை. நானும் சிவலிங்கம் அண்ணையும்தான் அவருடைய அறைக்குள் போனோம். மெத்தை, தலையணை, போர்வை மூன்றையும் சேர்த்துக் கட்டினோம். நான் கட்டிய முடிச்சு. செபம் சொன்னேன். சிவலிங்கம் அண்ணை தேவாரம் ஒன்று பாதி பாடினார். கப்பலின் பின்பக்கத்திலிருந்து எறிந்தோம். யோர்கோவுக்கு ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் சொன்னது வேறு.

“கந்தோரிலை இருக்கும்” என்றேன்.

பொய்யைச் சின்னதாகத்தான் சொன்னேன். அது நிற்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அவரை விதைச் சூப், பாண், ஒலிவ் காய், உப்புக் கட்டி மாதிரி ஒரு வெள்ளைச் சீஸ். சிவலிங்கம் அண்ணை சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துச் சூப்பில் கொட்டினார். எலெனி தனக்கும் கேட்டாள். ஒரு கரண்டி குடித்துவிட்டு, கண்ணீரும் சளியுமாய், இதைத்தானோ அப்பா கடிதத்தில் எழுதினவர் என்று கேட்டாள். மனுஷன் கடிதத்தில் எங்களை எழுதியிருக்கிறார். எனக்குச் சூப் இறங்கவில்லை.

அடுக்கிலிருந்து எங்களுக்கு இரண்டு போர்வைகள் எடுத்துத் தந்தார் வசிலிக்கி. கலியாணத்துக்கு வைத்தவை, புதுசு. வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. நல்ல கனம், ஈர ஆட்டின் மணம். அதற்குக் கீழே கிடந்து, கந்தோரிலை இருக்கும், கந்தோரிலை இருக்கும் என்று என் வாயையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலை கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். யோர்கோவின் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு. நான் முழங்காலில் நின்றேன். வசிலிக்கி நிற்கவில்லை. கல்லைத் துணியால் துடைத்தபடியே பேசினார். பெட்டி ஈயத்தால் ஒட்டி வந்ததாம். திறக்க விடவில்லையாம். யோர்கோவின் முகத்தைப் பார்க்கவில்லை என்று, கடையில் சாமான் கிடைக்கவில்லை என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

திரும்பி வந்தால், வீட்டில் ஊர்த் தலைவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி, பேனை, காகிதம். கந்தோருக்குக் கடிதம் எழுத வசிலிக்கி வரச் சொல்லியிருந்தார். தலைவர் எழுதி எழுதி வாசித்தார். போர்வையைத் தராவிட்டால் மந்திரிக்கு எழுதுவாராம். வசிலிக்கி அதோடு நிற்கவில்லை. இன்றைக்குப் பின்னேரப் பஸ்ஸில் தானே போகிறேன் என்றார். கந்தோர் வாசலில் நிற்பேன், ஞாயிறுக்குள் கொண்டுவருவேன் என்றார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டுக்கு ஒரு பொத்தான் இல்லை.

“வாயைத் திறவாதை” என்றார் சிவலிங்கம் அண்ணை. “போனால் போகட்டும். கந்தோர்க்காரன் இல்லையெண்டு சொல்லுவான். கந்தோர்க்காரனைத்தானே திட்டுவா? அவன் திட்டு வாங்கினால் என்ன குறைஞ்சு போகும்?”

“ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸிலை போகோணும் அண்ணை.”

“நான் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தனான்தானே.”

“உவ ஆரின்ரையோ வாசலிலை போய்ப் பிச்சைக்காரி மாதிரி நிக்கப் போறா. இல்லாத சாமானுக்கு.”

நான் தலைவரிடமிருந்து பேனையை வாங்கி மேசையில் வைத்தேன். முரட்டுத்தனமாகத்தான் வாங்கினேன். எனக்குத் தெரிந்த கிரேக்கம் வேலை ஏவும் கிரேக்கம். கயிற்றை இழு, வாளியைக் கொண்டா, அவ்வளவுதான். அதை வைத்துச் சொன்னேன்.

“கந்தோரிலை இல்லை. நான்தான் கடலிலை போட்டனான்.”

விழுந்துவிட்டதா என்று வசிலிக்கி கேட்டார். விழவில்லை, எறிந்தேன், இந்தக் கையால் எறிந்தேன் என்றேன். சிவலிங்கம் அண்ணை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். தானும் என்றார். அதை நான் மறக்கமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி, பாதிச் சொல்லும் பாதிக் கையுமாக, பாய், கடல், செத்தவர் படுத்ததில் வேறு ஆள் படுக்கக்கூடாது என்றெல்லாம் சொன்னோம். அது எங்கள் ஊரில் மரியாதை என்றோம். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எலெனி அழுதாள்.

வசிலிக்கி கத்துவார், கன்னத்தில் அடிப்பார் என்று நான் நின்றேன். அடித்திருந்தால் நல்லது. அவர் கோட்டைக் கழற்றவில்லை. கதிரையில் இருந்துகொண்டு கேட்டார்:

“உடம்பை எங்கை வைச்சனீங்கள்?”

மரக்கறி வைக்கும் குளிர் அறையில் என்றார் சிவலிங்கம் அண்ணை. அவர்தான் கோவா மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தவர்.

“எத்தினை நாள்?”

ஐந்து நாள்.

“எதாலை மூடினனீங்கள்?”

நான் வாயைத் திறந்தேன். படங்கு என்று சொல்ல வேண்டும். சரக்கை மூடும் படங்கு. மழைக்கு, எண்ணெய்க்கு, துருவுக்குப் பாவிக்கிற படங்கு. அதன் கிரேக்கச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும், யோர்கோதான் சொல்லித் தந்தவர். சொன்னேன்.

“அவர் ஐஸுக்குள்ளை கிடந்தவர். நான் நெய்த கம்பளி கையிலை இருந்தது. அதைக் கடலுக்குக் குடுத்திட்டு, அவரைப் படங்காலை மூடினனீங்கள்.”

கேள்வி இல்லை அது. அந்த ஊரில், செத்தவரை அவருடைய வீட்டுத் துணியால் மூடுவார்கள். எங்கள் ஊரிலும் புது வேட்டி, புதுச் சீலை போடாமல் ஒருவரையும் அனுப்புவதில்லை. பாயை எறிவதற்கு எங்களுக்கு ஞாபகம் வந்தது. மூடுவதற்கு வரவில்லை. குளிர் அறைக் கதவை மூடியதோடு கடமை முடிந்தது என்று நினைத்தோம். ஏழு மாதமாகப் பையைக் காத்த எனக்கு, அந்த ஐந்து நாளில் ஒரு நாளும் அது தோன்றவில்லை. 

தலைவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். நாங்களும் எங்கள் பையை எடுத்தோம். வாசலில் சப்பாத்து மாட்டும்போது, பின்னால் துணி கிழியும் சத்தம் கேட்டது.

யோர்கோவின் சட்டை ஒன்றை வசிலிக்கி கழுத்திலிருந்து கீழே கிழித்திருந்தார். இரண்டாம் தரம், மூன்றாம் தரம். விரல் அகல நாடாக்கள். எலெனி, அம்மா, அம்மா என்றாள். அவர் எங்களைப் பார்த்துக் கையால் நிலத்தைத் தட்டினார்.

“போக விடேல்லை நான். இருங்கோ. கிழியுங்கோ.”

தறியில் நிலவிரிப்புக்கு என்று பாவு நூல் ஏற்கெனவே பூட்டியிருந்தது. பாதிப் போர்வையின் அகலம்தான். அவருடைய யோசனை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

செத்தவரின் சட்டையைக் கையால் கிழிப்பது எங்கள் ஆட்களுக்கு லேசில்லை. முதல் சட்டைக்குச் சிவலிங்கம் அண்ணை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கிழித்தார். மூன்றாம் சட்டைக்குப் பழகிவிட்டது. நாடாக்களை முடிந்து உருண்டையாகச் சுற்றினோம். நான் வலைக்காரன் முடிச்சுப் போட்டேன். வசிலிக்கி அவிழ்த்து எறிந்தார். அது தடிப்பாம், தறிப் பல்லுக்குள் போகாதாம். முடிச்சுப் போடத் தெரியாதவன் என்று குருநகரானைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நாடாவின் நுனியில் ஓட்டை போட்டு, அடுத்ததை அதற்குள் கோத்து இழுக்கும் தங்கள் வழியைக் காட்டினார். அதில் புடைப்பே இல்லை.

சனி முழுவதும் நெய்தார். எலெனி உருண்டைகளை எடுத்துக் கொடுத்தாள். தறி அடிக்கும் சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது. எங்களோடு ஒரு சொல் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. தட்டைப் பக்கத்தில் வைப்பார், முகம் பார்க்கமாட்டார். பின்னேரம் தறிச் சத்தம் நின்றது. துணி போதவில்லை. ஒரு சாண் குறைந்தது.

அவர் வந்து என் முன்னால் நின்றார். நான் போட்டிருந்தது கப்பலில் தந்த நீலச் சட்டை. யோர்கோவுக்கும் அதே சட்டைதான் தந்தார்கள்.

“கழட்டு.”

கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கவில்லை. நீயே கிழி என்றார். கிழித்தேன்.

“நல்ல காலம், காற்சட்டை நீலமில்லை” என்றார் சிவலிங்கம் அண்ணை.

மலைக் குளிர். நான் வெறும் மேலோடு நின்றேன். வசிலிக்கி அடுக்கிலிருந்து ஒரு போர்வையை உருவி என்மேல் எறிந்தார். போர்த்தவில்லை, எறிந்தார். அதற்குக் கீழே நின்று மிச்சத்தையும் கிழித்து முடித்தேன்.

ஞாயிறு கோயில் முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் கண். மத்தியானப் பஸ்ஸுக்கு நாங்கள் மூலையில் காத்திருந்தோம். அவர் எங்களை வீட்டுச் சாமான் மாதிரிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். எலெனி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, விரித்து, புரட்டி, பின்பக்கத் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்து, சத்தமாக எண்ணினார். பதினேழு எண்ணி முடித்தார். கடைசியாக வசிலிக்கி தன் கையாலேயே அதைக் கொண்டுவந்து போட்டார்.

ஒரு பாதி வேர்ச் சிவப்பு, கறுப்புப் பறவைகளின் தலை. மறு பாதி நீலமும் வெள்ளையும் சாம்பலுமாகக் கிழிந்த சட்டை. நடுவில் கறுப்பு நூலால் தையல். பறவைகள் நீலத்துக்குள் உடம்பை விட்டுக்கொண்டு நின்றன. வடிவில்லை. நான் பொய் சொல்லமாட்டேன், பார்க்க வடிவாக இல்லை.

மாப்பிள்ளையின் தாய் எண்ணவில்லை. என்ன இது என்று கேட்டார்.

“இது நாங்கள் படுத்தது” என்று சிவப்பைத் தொட்டார் வசிலிக்கி. நீலத்தைத் தொட்டார். “இது அவர் உடுத்தது. அவர் பாதியைக் கடலிலை விட்டிட்டார்.”

விட்டிட்டார் என்றார். எறிந்தவர்கள் மூலையில் நிற்க, எங்கள் பக்கம் கையைக் காட்டவில்லை.

அந்தப் பெரிய மனுஷி குனிந்து தையலை நகத்தால் இழுத்தார். தையல் அசையவில்லை. நீலத்தை உள்ளங்கையால் ஒருதரம் நீளமாகத் தடவினார். தடவிய கை என் சட்டைத் துண்டு இருந்த கரையில் வந்து நின்றது. 

“பதினெட்டு” என்றார்.

எலெனி உடனே மடித்து அடுக்கின் உச்சியில் வைத்தாள்.

பஸ் ஏறும்போது வசிலிக்கி பாணும் சீஸும் கட்டிய ஒரு பொதியை என் கையில் தந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டை இல்லாததால் சிவலிங்கம் அண்ணையின் மேற்சட்டையைப் போட்டிருந்தேன். அதில் மிளகாய்த்தூள் மணத்தது. சாப்பிடவே பயந்து, வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தார் அவர்.

அடுத்த வருஷம், வேறு ஒரு துறைமுகத்தில், அக்காவின் கடிதம் கிடைத்தது. எழுதி மூன்று மாதம் சென்று வந்த கடிதம். ஐயா, எங்கள் தகப்பன், செத்துப்போனார். நோய் வருத்தம்தான் காரணம். யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆமி ஷெல் அடித்ததால் குருநகரை விட்டு எழும்பி, நல்லூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் எல்லோரும் இருந்தார்களாம். அங்கேதான் செத்தார். அடக்கம் எப்படி நடந்தது, ஆர் ஆர் வந்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நான் ஒன்றே ஒன்றுதான் திருப்பி எழுதிக் கேட்டேன். ஐயாவை எதால் மூடினீர்கள்?

பதில் வர இன்னும் நாலு மாதம்.

“என்ரை கலியாணச் சீலையாலை மூடினனான். வேறை நல்லது வீட்டை விட்டு எடுத்து வரேல்லை. நீ உதைக் கேட்டு எழுதினது எனக்கு விளங்கேல்லை. இன்னொண்டு சொல்லோணும், கோவிக்காதை. ஐயாவின்ரை பாயைக் கடலுக்குக் கொண்டுபோக வழியில்லை. கரைப்பக்கம் ஆரும் போகேலாது. இஞ்சை பாயும் காணாது. அதைக் கழுவிக் காயவிட்டு வைச்சிருக்கிறன். அதிலை இப்ப பிள்ளையள்தான் படுக்கினம்.”

சிவலிங்கம் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

“என்ன எழுதப் போறாய்?”

படுக்கட்டும் என்று எழுதிப் போட்டேன்.